நல்ல சொற்கள் மட்டும் மிஞ்சிய மனிதர்

அந்த வீட்டுக்கு நான் முதல் தடவை போனது ஒக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில். ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெக்ஸ்போர்ட்டில் இறங்கி, பத்து நிமிடம் நடந்தேன். வயோதிபர்களை அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது என் வேலை. உடம்பு கழுவி விடுவேன், உடுப்பு மாற்றுவேன், காலைச் சாப்பாடு கொடுப்பேன், மருந்தை எடுத்து நீட்டுவேன். பதினொரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். அதற்கு முதல் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கற் அடுக்கினேன்.

புதிதாகக் கிடைத்தவருக்கு எண்பத்து மூன்று வயது, இங்கிலாந்துக்காரர் என்று எங்கள் ஒஃபிசில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெண் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நாலு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது விளங்கும், ஆனால் ஆம் என்றோ இல்லை என்றோ திருப்பிச் சொல்ல வராது. இடைக்கிடை ஏதோ ஒரு சொல் வாயிலிருந்து விழும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

கதவைத் திறந்தவர் அவருடைய மகள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு நின்றார். அவருடைய வீடு நகரத்துக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லில். தகப்பனுக்கு வருத்தம் வந்த நாளிலிருந்து கிழமை நாட்களில் இரவில் இங்கே வந்து படுக்கிறார், காலையில் பல் வைத்தியசாலையில் வேலைக்கு ஓட வேண்டும். மருந்துப் பெட்டி, ஓட்ஸ் பெட்டி, துவாய் இருக்கும் அலுமாரி எல்லாவற்றையும் விரலால் காட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தகப்பனிடம் போய்வருகிறேன் என்று சொன்னதை நான் காணவில்லை.

தகப்பன் கட்டில் விளிம்பில் இருந்தார். நெடிய மனிதர். நரைத்த புருவம் இரண்டும் தடிப்பு. நான் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு, கீழே குந்தி இடது காலுக்குக் காலுறையைப் போட்டு இழுத்தேன். மேலேயிருந்து தெளிவான ஒரு குரல் வந்தது.

“டொப்-ஹோல்.”

எனக்கு ‘ஹோல்’ மட்டும்தான் கேட்டது. காலுறையில் ஓட்டை என்கிறார் போலும் என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. இருந்தாலும் லாச்சியிலிருந்து வேறொரு சோடி எடுத்துப் போட்டேன். மறுபடியும் “டொப்-ஹோல்” என்றார். மேலே ஓட்டை என்கிறாரோ என்று விளிம்பைச் சுற்றித் தடவினேன். மூன்றாவது சோடியையும் எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய முகத்தின் இடது பாதி சிரித்துக்கொண்டிருந்தது. வலது பாதி அசையவில்லை. என்னைப் பகிடி பண்ணுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மிச்ச வேலையைச் செய்தேன். ஓட்ஸ் கஞ்சிக்கு “ஸ்பிஃபிங்” என்றார். முகம் துடைத்ததற்கு “ஸ்மாஷிங்” என்றார். நான் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டதற்கும் ஏதோ ஒன்று சொன்னார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து என் மகளிடம் கேட்டேன். இருபத்து மூன்று வயதுக்காரி, இங்கே பிறந்தவள். தொலைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, அவர் ஓட்டை எண்டு சொல்லேல்ல. டொப்-ஹோல் எண்டா, லைக், சூப்பர் எண்டு அர்த்தம். ஓல்ட் பிரிட்டிஷ் ஸ்லாங். இப்ப ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கிறேல்ல.”

ஸ்பிஃபிங்கும் ஸ்மாஷிங்கும் அதே பொருள்தான். நூறு வருடத்துக்கு முந்திய துரைமார் மெச்சுவதற்குச் சொன்ன சொற்களாம். எங்களுடைய ‘திறம்’, ‘சோக்கு’, ‘கலாதி’ மாதிரி என்று எனக்கு விளங்கியது. மூன்று சோடி காலுறை மாற்றிய பெண்ணை அந்த மனிதர் திரும்பத் திரும்ப மெச்சியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் காலையில் முதல் சோடியையே போட்டுவிட்டு அவர் சொல்வதற்கு முந்தி நான் “டொப்-ஹோல்” என்றேன். அவர் இடது கையால் முழங்காலில் ஓங்கித் தட்டினார்.

பேச்சு போன எல்லோருக்கும் முழுவதும் போவதில்லை என்று பின்பு ஒரு தாதி எனக்கு விளக்கினார். சிலருக்கு எண்கள் மிஞ்சும், சிலருக்குச் செபம் மிஞ்சும், சிலருக்குத் தூஷணம் மட்டும் மிஞ்சும். வாழ்நாள் முழுக்க யோசியாமலே வாயில் வந்த சொற்கள் மூளையில் வேறொரு மூலையில் இருப்பதால் தப்பிவிடுமாம். இவருக்கு மிஞ்சியவை மெச்சும் சொற்கள். டொப்-ஹோல், ஸ்பிஃபிங், ஸ்மாஷிங், கப்பிட்டல், விசார்ட், டிக்கெட்டி-பூ, குட் ஷோ. மொத்தம் எட்டோ ஒன்பதோ. அவற்றை வைத்துக்கொண்டுதான் அவர் ஒரு நாளை ஓட்ட வேண்டியிருந்தது.

வேலைக்கு வருகிறவர்கள் எழுதி வைக்கும் கோப்பு ஒன்று அந்த வீட்டுச் சமையலறையில் இருந்தது. எனக்கு முந்தி வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: சந்தோஷமாக இருக்கிறார், எல்லாம் பிடித்திருக்கிறது என்கிறார். முதல் இரண்டு கிழமையும் நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகுதான் கவனித்தேன். தண்ணீர் சுட்டபோதும் அவர் ஸ்மாஷிங் என்றுதான் சொன்னார். சட்டைக் கை முறுகி நின்றபோதும் ஸ்மாஷிங்தான். அவரிடம் வேறு சொல் இல்லை. தண்ணீர் சுட்டபோது சொல்லை வெட்டிச் சொன்னார், தண்ணீர் இதமாக இருந்தபோது நடுவில் இழுத்தார். டிக்கெட்டி-பூ என்று சொல்லிச் சுவரைப் பார்த்தால் போதும், தனியே விடு என்பது பொருள். கப்பிட்டல் என்று கேள்வி போல முடித்தால் ரேடியோ வேண்டும். சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டு அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்கத் தொடங்கினேன். மார்கழிக்குள் எனக்கும் அவருக்கும் பெரிய சிக்கல் இருக்கவில்லை.

சிக்கல் அவருடைய மகளுக்குத்தான் இருந்தது. அந்தச் சொற்களை அவரால் தாங்க முடியவில்லை. தகப்பன் ஏதாவது சொன்னால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார், இல்லாவிட்டால் அறையை விட்டுப் போய்விடுவார். ஒருநாள் நான் வழக்கம்போல “ஸ்பிஃபிங்” என்று தகப்பனுக்குத் திருப்பிச் சொல்லிச் சிரித்ததைக் கதவடியில் நின்று பார்த்துவிட்டார். சமையலறைக்கு வந்து, மரியாதையாகத்தான், அப்படிச் செய்ய வேண்டாம் என்றார். தகப்பனைக் கிளி மாதிரிப் பழக்குவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் மன்னிப்புக் கேட்டேன். காரணம் அதுவல்ல என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் அப்படியே படியில் இருந்து சொல்லத் தொடங்கினார்.

அவருடைய தகப்பன் நாற்பது வருடம் லிஃப்ட்களைப் பரிசோதிக்கும் வேலை செய்தவர். ரொறன்ரோவின் உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கி, கம்பியையும் கதவையும் தட்டிப் பார்த்து, குறை இருந்தால் எழுதுவார். குறை இல்லாவிட்டால் ஒரு கையெழுத்து. வீட்டிலும் அதே மாதிரித்தானாம். பள்ளி அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து வைத்துத் திருப்பித் தருவார். பல் சுகாதாரப் படிப்பில் முதலாவதாக வந்தபோது, சரி, தொடர்ந்து நடத்து என்றாராம். அவ்வளவுதான். இப்போது ஒரு கரண்டி கஞ்சிக்கு அந்த மனிதர் ஸ்பிஃபிங் என்கிறார். காலுறைக்குச் சொல்கிறார். தபால்காரருக்குச் சொல்கிறார்.

எங்கள் அப்பாவும் அப்படித்தான் என்று சொன்னேன். அது உண்மைதான். யாழ்ப்பாணத்தில் நான் எந்தச் சோதனையில் என்ன எடுத்துக்கொண்டு போனாலும் அவருடைய உச்சமான சொல் ‘பரவாயில்லை’. நாலு புள்ளி குறைந்தால் அந்த நாலு எங்கே போனது என்று கேட்பார். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அப்பாவைப் பற்றி அவ்வளவு இலகுவாகச் சொன்ன நான் என்னைப் பற்றிச் சொல்லவில்லை.

என் மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு எலெக்ட்ரிஷன் வேலை பழகப் போனவள். நானும் கணவரும் மூன்று மாதம் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. சொந்தக்காரர் கேட்டால் “படிக்கிறா” என்று மட்டும் சொல்வேன், என்ன படிக்கிறாள் என்று சொல்ல மாட்டேன். அந்த மார்கழி, நத்தார் விடுமுறையில் அவள் எங்கள் சமையலறைச் சுவர்த் தட்டுகளுக்குக் கீழே வரிசையாக விளக்குப் பூட்டினாள். இரண்டு நாள் முழங்காலில் நின்று செய்தாள். ஒரு வயரும் வெளியில் தெரியவில்லை. நான் போட்டுப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, கையைச் சுட்டுப் போடாதே என்றேன். அவள் சுத்தியலையும் ஸ்குரூக்களையும் பெட்டியில் அடுக்கினாள்.

மாசி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் போனதும் அவருடைய மகள் வழக்கம்போல வெளிக்கிட்டுப் போய்விட்டார். வெளியே முழங்கால் அளவு பனி. அவர் கட்டிலில் சரிந்து கிடந்தார். வழக்கமாக என்னைக் கண்டதும் ஏதாவது ஒரு சொல் வரும். அன்றைக்கு வரவில்லை. எழுப்பி இருத்தி, காற்சட்டையை மாற்ற இடுப்பில் கை வைத்தேன்.

“ஸ்பிஃபிங், ஸ்பிஃபிங், ஸ்பிஃபிங்,” என்றார். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. குரல் மெலிந்திருந்தது. மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவிட்டார். காய்ச்சல் பார்த்தேன், பெரிதாக இல்லை.

இப்படியான நேரத்தில் முதலில் ஒஃபிசுக்கு எடுத்து அங்கேயுள்ள தாதியிடம் கேட்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். எடுத்தேன். அவர் என்ன சொல்கிறார் என்று தாதி கேட்டார். மிக நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார் என்றேன். வேறு எப்படிச் சொல்வது. வலிக்கிறதா என்று அவரிடமே கேட்கச் சொன்னார். கேட்டேன். “கப்பிட்டல்” என்றார், கண்ணை இறுக்கிக்கொண்டு. தாதிக்கும் அது கேட்டது. கோப்பில் எழுதிவிட்டு மதியம் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

மகளுடைய வேலைத்தலத்துக்கு எடுத்தேன். ஒருவருடைய வாயில் கை வைத்திருந்தவரை எழுப்பிக் கூப்பிட்டார்கள். தொலைபேசியைத் தகப்பனுடைய காதடியில் பிடிக்கச் சொன்னார். அப்பா, சுகமா என்று கேட்டார்.

“டிக்கெட்டி-பூ,” என்றார் அவர்.

எப்போதும் போலத்தானே இருக்கிறார் என்றார் மகள். இல்லை என்றேன். எப்போதும் அந்தச் சொல்லைக் கடைசியில் கீழே இறக்குவார், இன்றைக்கு அது மேலே ஏறிப்போய் அப்படியே நிற்கிறது என்றேன். என் ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் அப்பாவிடம் கெட்ட சொல் ஒன்று இல்லை, இருந்திருந்தால் இப்போது அதைத்தான் சொல்லியிருப்பார் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் பல் தீட்டும் யந்திரத்தின் சத்தம் கேட்டது. உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள் என்றார்.

நான் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். தாதி சொல்லாததைச் செய்கிறேன், இது பிழையானால் வேலை போகலாம் என்று தெரிந்தது. வந்த இரண்டு பேரில் ஒருவர் இளம் பெண். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். பதிலும் அதே மாதிரித்தான் வந்தது. ஆனால் அவர் இவருடைய வயிற்றின் வலது பக்கத்தை அழுத்தியபோது, இவர் “டொப்-ஹோல்” என்றபடியே அந்தப் பெண்ணின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பெண் அவருடைய முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மற்றவரிடம் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொன்னார்.

பித்தப்பை அழற்சி. அன்று பின்னேரமே சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்று டொக்டர் மகளிடம் சொன்னாராம். என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, ஒழுங்கை மீறியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வாங்கிப் பைக்குள் வைத்தேன். இரண்டு நாளில் மகள் அங்கே தொலைபேசி எடுத்து என்ன சொன்னாரோ, அந்தக் கடிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்கினார்கள்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஆனாலும் வைத்தியசாலைக்குப் போனேன். மகள் கட்டிலடியில் இருந்தார். முகம் வாடியிருந்தது. தாதிகள் வந்து வலி எவ்வளவு என்று கேட்கிறார்கள், அப்பா ஒவ்வொரு தரமும் அருமை என்கிறார், வலி இல்லை என்று எழுதிவிட்டு மருந்து குறைவாகக் கொடுக்கிறார்கள் என்றார். பிறகு, எனக்கும் கேட்கத் தெரியவில்லை, எப்படிக் கேட்பது என்று சொல்லித்தருவீர்களா என்று கேட்டார்.

ஒரு பெரிய தாளை எடுத்தோம். நான் சொல்ல அவர் எழுதினார். எழுதுவதற்கு முதல் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று செய்து காட்டச் சொன்னார். நான் யாழ்ப்பாணத்து வாயால் ஸ்மாஷிங் என்பதை வெட்டிச் சொன்னேன், இழுத்துச் சொன்னேன், ஏற்றிச் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடந்த சீனக்காரர் திரையை விலக்கிப் பார்த்தார். அவருடைய மனைவியும் எட்டிப் பார்த்தார். நான் விசார்ட் என்று கண்ணை உருட்டிச் சொன்னபோது எங்கள் ஆள் தையலைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பு வலிக்க அதற்கும் ஸ்மாஷிங் என்று வெட்டிச் சொன்னார். மகள் பேனையை வைத்துவிட்டு, அது வலிக்கிற ஸ்மாஷிங் என்றார். அவர் தானாகக் கண்டுபிடித்த முதலாவது அதுதான். தாளைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினோம். அடுத்த நாள் வந்த தாதி அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தாராம்.

அன்றைக்குக் கீழே கோப்பிக் கடையில் இருந்தபோது மகள் அந்தச் சொற்கள் வந்த வழியைச் சொன்னார். தாயும் தகப்பனும் கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரிக் குளிரில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தார்கள். சாப்பாடு பெரும்பாலும் வாட்டிய பாணும் தகரத்தில் அடைத்த அவரைப் பருப்பும். தகப்பன் சிறுவயதில் பையன்களுக்கான பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாசித்தவர். அதில் வரும் பணக்காரப் பள்ளிக்கூடப் பெடியள் மாதிரிக் குரலை மாற்றி, அவரைப் பருப்பைக் கிளறி, ஸ்பிஃபிங் என்பாராம். தாய், டொப்-ஹோல் என்று பதில் சொல்வாராம். அது அவர்கள் இருவருக்கும் ஒரு பகிடி. ஐம்பது வருடம் மேசையில் அந்தப் பகிடி நடந்தது. பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு வளர்ந்தார். தாய் இறந்து ஆறு வருடம். அந்தச் சொற்களைத் தாயோடு சேர்த்துப் புதைத்தாயிற்று என்றுதான் மகள் நினைத்திருந்தார். அவை திரும்பி வந்தபோது, தாய்க்கு உரியதை யார் யாருக்கோ அள்ளிக் கொடுக்கிறார் என்று கோபம் வந்ததாம். பிள்ளையான அவருக்குக்கூட அவை ஒருநாளும் கிடைத்ததில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனேன். என் மகள் வேலைச் சப்பாத்தோடு சமையலறையில் நின்று இடியப்பத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். தட்டுக்குக் கீழே அவள் பூட்டிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக அந்த வெளிச்சத்தில்தான் நான் வெங்காயம் வெட்டுகிறேன்.

“பிள்ளை, உந்த லைற் திறமாய்ப் பூட்டியிருக்கிறாய்,” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “வாட் ஹப்பென்ட்? ஆராவது செத்துட்டினமா?”

“ஒருத்தரும் சாகேல்ல. திறம் எண்டு சொன்னனான்.”

“ஓகே,” என்றாள். இடியப்பத் தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனவள், சாப்பிட்டு முடியும் மட்டும் அந்த விளக்கின் சுவிட்ச் எங்கே வைத்தாள், ஏன் அங்கே வைத்தாள் என்று அரை மணித்தியாலம் எனக்கு விளக்கம் சொன்னாள். பாதி விளங்கவில்லை. அடுத்த கிழமை கோயிலில் ஒரு அன்ரி மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். எலெக்ட்ரிஷன் வேலை பழகுறா அன்ரி, எங்கட வீட்டு லைற் எல்லாம் அவதான் பூட்டினவ என்று சொன்னேன். அவருடைய குசினியிலும் ஒரு லைற் எரியவில்லையாம், வந்து பார்ப்பாளா என்று கேட்டார்.

எங்கள் ஆள் பங்குனியில் வீடு திரும்பினார். மெலிந்திருந்தார், தலைமுடி கழுத்துவரை வளர்ந்திருந்தது. முடி வெட்டும் கடைக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. சித்திரையில் ஒருநாள் காலை, வேலைக்கு லீவு போட்ட அவருடைய மகள், தானே வெட்டிவிடுகிறேன் என்று கத்தரிக்கோலை எடுத்தார். நான் துவாயைக் கழுத்தில் சுற்றிப் பிடித்தேன். அவர் வாயில்தான் வேலை செய்து பழகியவர், தலையில் அல்ல. ஒரு பக்கம் குறைந்துபோனது. அதைச் சரிசெய்ய மற்றப் பக்கம் இன்னும் குறைந்தது. முன்னுக்குப் படி மாதிரி ஏறி இறங்கி நின்றது. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். குறை கண்டுபிடித்தே வாழ்ந்த மனிதர் இடது பக்கத்தைப் பார்த்தார், வலது பக்கத்தைப் பார்த்தார், முன்னுக்குக் கையால் தடவிப் பார்த்தார்.

“விசார்ட்,” என்றார். கண்ணாடியை விட்டுவிட்டு மகளைப் பார்த்துச் சொன்னார். மெதுவாக, அடியிலிருந்து வந்தது.

மகள் என்னைப் பார்த்தார். அது எது என்று கேட்டார். தாளில் உள்ளவற்றில் எது என்று. இது தாளில் இல்லை, நான் இதுவரை கேட்டதில்லை என்றேன். பொய் சொல்லவில்லை. ஏழு மாதத்தில் அந்தச் சொல்லை எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறேன், இந்த விதமாகக் கேட்டதில்லை. மகள் தலையை ஆட்டிவிட்டுத் தும்புத்தடியை எடுத்து நிலத்தில் விழுந்த முடியைக் கூட்டினார். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினார். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மகள் தகப்பனுடைய கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, கையில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் ரீவியைப் போடவில்லை.

கோடை தொடங்கியபோது, பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு யோசனை சொன்னார். ஸ்காபரோவில் ஒரு சமூக நிலைய மண்டபத்தில் வியாழக்கிழமைதோறும் பேச்சை இழந்தவர்கள் கூடுகிறார்கள். கோப்பி குடித்து, முடிந்ததைப் பேசுவார்கள். மகளுக்கு வியாழனில் லீவு இல்லை என்பதால் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் எட்டுப் பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். பெரும்பாலும் மௌனம். ஒரு பெண் தான் செய்து கொண்டுவந்தது என்ன என்று சொல்ல முயன்றார். வாழைப்பழக் கேக் என்று சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சொல் முழுதாக வெளியே வந்ததும் எங்கள் ஆள் இடது கையால் மேசையைத் தட்டி, “ஓ, குட் ஷோ,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் கேக் துண்டில் பெரியதை வெட்டி அவருக்குக் கொடுத்தார்.

அதன்பிறகு யார் எந்தச் சொல்லை இழுத்து வெளியே எடுத்தாலும் மற்றவர்கள் முதலில் அவருடைய பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை.

மூன்றாவது கிழமை ஒரு தமிழர் வந்தார். மன்னார்க்காரர், எழுபது வயதுக்குள் இருக்கும். இருபது வருடம் இந்த நகரத்தில் பாரவண்டி ஓட்டியவர். பாரிசவாதம் அவருடைய ஆங்கிலத்தை முழுவதுமாகக் கொண்டுபோய்விட்டது. தமிழில் சில சொற்கள் மட்டும் தட்டுத்தடுமாறி வந்தன. அவருடைய மனைவி அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மனிதர் தலையைக் குனிந்தபடி, பேசாமல், கதவுப் பக்கம் இருந்தார். நடத்துகிற பெண் எல்லோரிடமும் கேட்பதுபோல அவரிடமும் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் நெடுநேரம் வாயை அசைத்தார். “தே… தே…” என்று தொடங்கி நின்றுவிட்டது. நடத்துகிற பெண்ணுக்கு விளங்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தேத்தண்ணி,” என்றார் அவர்.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஆள் இடது கையை உயர்த்தினார். “டொப்-ஹோல்.”

மன்னார்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அந்தச் சொல் தெரிய நியாயமில்லை. ஆனால் தனக்குத்தான் சொன்னார் என்பது தெரிந்தது. அடுத்த கிழமை அவர் நேரே வந்து இவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஒருவர் தமிழில் இரண்டு சொல் சொல்வார், மற்றவர் ஸ்பிளெண்டிட் என்பார். அப்படியே ஒரு மணித்தியாலம் போகும்.

போன வியாழக்கிழமை நானும் மன்னார்க்காரருடைய மனைவியும் சுவரோரம் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இவர் விடிய ஆறு மணிக்கே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில இருக்கிறார் தங்கச்சி,” என்றார் அந்த மனைவி. “முந்தி வெளிய வாங்கோ எண்டா சண்டை பிடிக்கிற மனுசன். ரெண்டு பேரும் என்ன கதைக்கினம் எண்டு எனக்கெண்டா விளங்கேல்ல.”

“எனக்கும் முழுக்க விளங்கிறேல்ல அக்கா,” என்றேன்.

அன்றைக்குப் புதிதாக நாலு பேர் வந்திருந்தார்கள். கதிரை போதவில்லை. நானும் அக்காவும் பக்கத்து அறைக்குப் போய், ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு வந்து, மேசையைச் சுற்றிப் போட்டோம்.